ஆடு தின்னாத இலை

ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சின்ன ஆய்வகத்தில் மூலிகைகளைச் சோதிப்பது என் வேலை. ஓர் இலைச்சாறு கிருமியைக் கொல்லுமா, அதே சாறு நம் உடம்பை என்ன செய்யும் என்று இரண்டையும் பார்ப்போம். பொங்கலுக்கு ஊத்தங்கரை போனபோது என் நாத்தனார், கணவரின் அக்கா, ஒரு பை நிறைய காய்ந்த இலை கொடுத்தார். ஆடுதின்னாப்பாளை. வெகுநாளாக அவர் காலில் ஆறாமல் கிடந்த சிரங்குக்கு யாரோ சொன்ன கைவைத்தியம்.

"அரைச்சுப் பூசனன், ஆறிப்போச்சு. உங்க மெஷின்ல வெச்சுப் பாரு, அப்பதான் நம்புவ."

பார்த்தேன். கிருமி வளர்த்த தட்டில், சாறு விட்ட இடத்தைச் சுற்றி மறுநாள் தெளிவாக ஒரு வட்டம். கிருமி அண்டவே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்தது நச்சுச் சோதனை. உப்புநீரில் முட்டையிலிருந்து பொரிந்து வந்த இறால் குஞ்சுகளோடு அதே சாற்றைக் கலந்து வைத்தேன். காலையில் எல்லாம் குழாயின் அடியில் கிடந்தன. ஒரே ஒரு சொட்டுச் சாறு விட்ட குழாயில்கூட ஒன்றும் நீந்தவில்லை. எங்கள் மேடம் குனிந்து பார்த்துவிட்டுச் செடியின் பெயரைக் கேட்டார். சொன்னதும் முகம் மாறியது.

"இதுல இருக்கற அமிலம் கிட்னியைக் கெடுக்கும்மா. அவங்க வெளியில பூசறதோட சரிதானே?"

சரிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன்.

"பூசறத எப்பவோ விட்டுட்டன். இப்ப ஒடம்புக்கு நல்லதுன்னு தெனம் கசாயம் வெச்சுக் குடிக்கறன். மருமவளுக்கும் குடுக்கறன்" என்றார் நாத்தனார்.

அந்த மருமகள் முழுகாமல் இருந்தாள்.

"அண்ணி, உடனே நிறுத்துங்க. இங்க இறால் குஞ்செல்லாம் செத்துக் கெடக்குது."

"உங்க எறா செத்தா நான் சாவனா? ஆடுகூட வாய் வெக்காத செடி, எச்சில் படாத மருந்து. படிச்சவங்களுக்கு நாட்டு மருந்துன்னாலே எளக்காரம்."

போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மருமகளின் போன் அணைந்திருந்தது. கணவரோ ஷிஃப்டில், கம்பெனிக்குள் நுழையும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மேடத்திடம் சொல்லிவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். சூளகிரியில் லாரிகள் வரிசையாக நின்று வழி அடைபட்டது. பஸ் நின்றபோதெல்லாம் மருமகளின் போனுக்கு அடித்துப் பார்த்தேன். கிருஷ்ணகிரியில் இறங்கி ஓடித்தான் ஊத்தங்கரை பஸ்ஸைப் பிடித்தேன்.

மருமகள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கசாயம் குடித்தாளா என்று மூச்சு வாங்கக் கேட்டேன். அவள் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கசப்பு தாங்கல சின்னம்மா. அத்தை அந்தாண்ட போனதும் கீழ ஊத்திடுவன். சொல்லிடாதீங்க."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் வெளியே வந்தார். நான் வாதாடவில்லை.

"ரத்தம் மட்டும் குடுத்துப் பாருங்க அண்ணி. நல்லா இருந்தா இனிமே நான் வாயே தெறக்கல."

முறைத்தபடியே மறுநாள் என்னோடு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். சோதனை முடிவைப் பார்த்த டாக்டர், சிறுநீரகம் பாதிக்கப்பட ஆரம்பித்துவிட்டது, இனி ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்றார். நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து சோதனைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப சிரங்கு ஆறனது பொய்யா?"

"பொய்யில்ல அண்ணி. கிருமியையும் கொல்லுது, உங்களையும் விடல."

சட்டென்று என் கையைப் பிடித்தார். "ஐயோ, கீழ்த்தெருவுல நாலஞ்சு பேருக்குக் குடுத்திருக்கறனே!"

ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், "நீதான குடுத்த, இப்ப நீயே விஷம்னு சொல்றியா?" என்று கத்தினார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஆனால் மிச்சமிருந்த இலையை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு வாங்காமல் நகரவில்லை.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். நாத்தனாருக்கு இன்னும் முழுக்கக் குணமாகவில்லை. மேலும் கெடவும் இல்லை. ரத்தம் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுகிறார், நானும் லீவு போட்டுவிட்டுப் போகிறேன்.