அமீனாவின் பட்டியல்

"கரண்டி அஞ்சு. அதுல ஒண்ணு கைப்பிடி உடைஞ்சது" என்று முணுமுணுத்தபடி எழுதிக்கொண்டிருந்தார் கோர்ட் அமீனா, அடுத்தவர் வீட்டு அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து. கோர்ட் உத்தரவோடு போய்க் குடியிருப்பவர்களை வெளியேற்றுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு. "இன்னிக்கு யாரு தெருவுக்கு வந்தாங்க மாமா?" என்று மச்சினன் கேட்டால், சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்துவிடுவார்.

இந்த வீட்டுத் தையற்காரம்மாவுக்கு நான்கு வருடத்துக்கு முன் சம்மன் கொடுத்தவரும் இவர்தான். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருக்குச் சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டுமாம். வாய்தாமேல் வாய்தா, தீர்ப்பு, காலி செய்ய இரண்டு மாதக் கெடு எல்லாம் ஆயிற்று. மேல்கோர்ட்டில் தடை வாங்க அந்த அம்மாளின் தம்பி காலையிலேயே போயிருந்தார். கதவில் அரக்கு முத்திரை விழுமுன் தடை வந்தால் வீடு தப்பிக்கும். விழுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து நடையாய் நடக்க வேண்டும்.

முன்பு வேறொரு வீட்டில் அமீனா பத்து மணிக்கே காரியத்தை முடித்துவிட்டார். பத்தரைக்குத் தடை உத்தரவோடு ஒரு மனிதர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் முகம் இன்னும் இவரை விட்டபாடில்லை. சாமான்களைப் பட்டியல் எடு என்கிறது சட்டம், எவ்வளவு வேகத்தில் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து இவர் பட்டியல் ஆமை வேகம்தான்.

"ஊசியைக் கூடவா சார் எண்ணுவீங்க?" வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

"ஒண்ணு குறைஞ்சாலும் என் தலைதான் சார் உருளும்."

ஊசிகள், பட்டன்கள், நூற்கண்டுகள் நிறம்வாரியாக. தையல் இயந்திரம் தெருவுக்குப் போயிற்று. இரண்டு மணிக்குத் தையற்காரம்மாவின் போன் அடித்தது. தம்பி சொன்னதைக் கேட்டுவிட்டு அமீனாவிடம் திரும்பினார்.

"ஜட்ஜ் லீவாம் சார். நாளைக்குத்தான் எடுப்பாங்களாம்."

அமீனா அறை அறையாக ஒரு சுற்று வந்தார். எழுத ஒன்றும் மிச்சமில்லை. கதவை இழுத்துப் பூட்டி, பூட்டில் நூலைச் சுற்றி, அரக்கை உருக்கத் தீக்குச்சி கிழித்தார். காற்றில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. "சீக்கிரம் சார்" என்றார் வீட்டுக்காரர்.

மூன்றாவது குச்சியைக் கிழித்தபோது தையற்காரம்மா தெருவிலிருந்து படியேறி வந்தார். சுடர் அணையாதபடி இரண்டு கைகளையும் குவித்து மறைத்துப் பிடித்தார்.