எமன் படத்துக்குக் கருத்துக் கேட்ட வாரம்

படம் விட்டு வெளியே வருகிறவர்களை வழிமறித்து "படம் எப்படிங்க?" என்று கேட்பதுதான் என் தொழில். கேட்பது சுலபம், பதில் வாங்குவதுதான் பெரும்பாடு. முதல் ஆள் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவார். இரண்டாவது ஆளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். மூன்றாவது ஆள் நின்று நிதானமாகப் பேசுவார், ஆனால் படத்தைப் பற்றி அல்ல, பைக் நிறுத்த இடமில்லாததைப் பற்றி. தியேட்டர் வாசலிலோ கடை வாசலிலோ நின்று யாரிடமாவது கருத்துக் கேட்டுப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

திருவண்ணாமலையில் எங்களுடையது சின்ன யூடியூப் சேனல். நான் மைக், அன்வர் கேமரா, ஆக மொத்தம் இரண்டே பேர். மைக்குக்கு வயர் கிடையாது. நான் தியேட்டர் வாசலில் நின்று பேசினால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேமராவோடு நிற்கும் அன்வரின் ஹெட்போனில் அது விழும். வீடியோவை வெட்டி ஒட்டுவதும் அவன்தான். ஆறு வருஷத்தில் ஒரு தும்மல், ஒரு இருமல் அவன் கத்தரிக்குத் தப்பி வெளியே போனதில்லை. அப்படி ஒரு சுத்தமான வேலைக்காரன்.

போன மாதம் எங்கள் ஊருக்கு ஒரு மேலோகக் காமெடிப் படம் வந்தது. பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், வேண்டாம். பழைய படம் ஒன்றைப் புதுசாக எடுத்திருந்தார்கள். யாரையும் மதிக்காத ஒரு மனிதர் குளியலறையில் வழுக்கி விழுந்து செத்து மேலே போகிறார். பழைய படத்தில் அவர் கணக்கு எழுதிய ஓலையைக் கரையான் அரித்துவிடும். புதுசில் எமன் ஆபீஸில் சர்வர் வேலை செய்யாது. எமனின் எருமையைக்கூட சர்வீஸுக்கு விட்டிருப்பார்கள். "நாளைக்கு வா" என்று ஆளைத் திருப்பி அனுப்ப, அவர் யார் கண்ணுக்கும் தெரியாமல் தன் சாவு வீட்டிலேயே ஒரு நாள் நின்று, ஊர் தன்னைப் பற்றிப் பேசுவதையெல்லாம் கேட்கிறார். அவ்வளவுதான் கதை.

படம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நான் வேலூரில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பாம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமாம், அடுத்த வியாழக்கிழமை வந்து படுத்துவிட வேண்டுமாம். ஃபைலை வாங்கி வந்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். மனைவி செல்வியிடம் "வெறும் கேஸ் டிரபிள்தானாம்" என்று சொன்னேன். போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பயம்தான், வேறு ஒரு காரணமும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில், செத்துப் போனவன் கதைக்கு ஏழு நாள் வாசலில் நின்று கருத்துக் கேட்கும்படி ஆனது.

அவசரமில்லாத வண்டி

முதல் நாள் முதல் காட்சியில் முதலில் மாட்டியவர் ஒரு ஒல்லியான மனிதர். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். அமரர் ஊர்தி ஓட்டுகிறேன் என்றார். மைக்கைப் பிடித்த கை தானாக ஒரு அடி பின்னால் போனது.

அவரோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு வந்திருந்தார். சாவு வீட்டுக் காட்சியை இப்படி யாரும் எடுத்ததில்லை, மாலையை யார் முதலில் போடுவது என்று சம்பந்திகள் முறைத்துக்கொள்வதுவரை அப்படியே இருக்கிறது, தான் தினமும் பார்ப்பதுதான் என்று மனம் திறந்து பாராட்டினார். ஒரே ஒரு குறை சொல்லலாமா என்று தயங்கிக் கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன். "அந்த வண்டி சைரன் போட்டுக்கினு போவுது சார். நாங்க சைரன் போடமாட்டோம். எங்களுக்கு இன்னா அவசரம்?"

முகம் காட்டாத ரசிகர்

வேங்கிக்கால் பக்கம் ஒரு ஆபீஸில் வேலை பார்ப்பவர் ஒருவர் மதியக் காட்சி முடிந்து வந்தார். எந்த ஆபீஸ் என்று சொல்லக்கூடாது, முகத்தைக் காட்டக்கூடாது, குரலையும் மாற்றிவிட வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார். அன்றைக்கு அவர் ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று சொல்லியிருந்தார். முதுகைக் காட்டி நின்றபடியே படத்தைப் புகழ்ந்து தள்ளினார்.

எமன் ஆபீஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு ஆவிகள் வரிசையில் நிற்கும் காட்சிக்குத் தியேட்டரே எழுந்து கைதட்டியதாம். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சித்திரகுப்தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற விதத்தில் அவருடைய மேலதிகாரியையே பார்த்தாராம். "எல்லாம் சரிதான். ஆனா ஒரு வருத்தம். ரிட்டயர் ஆனா நிம்மதின்னு நெனச்சேன், பென்ஷன் ஆபீஸ்லயும் சர்வர் வேலை செய்யாதாம். செத்தாலாவது சர்வர் வேலை செய்யும்னு நெனச்சிருந்தேன், இப்ப அதுவும் போச்சு."

இரண்டாவது தடவை

அடி அண்ணாமலையிலிருந்து பச்சையம்மாவும் அவர் கூட்டாளிகள் நான்கு பேரும் வந்தார்கள். மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கும் வேலை அன்றைக்குச் சீக்கிரம் முடிந்ததாம். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். யார் வாய்க்கு மைக்கை நீட்டுவது என்று தெரியாமல் நான் விசிறி வீசுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தேன். கதாநாயகனின் பெண்டாட்டியாக நடித்த பெண் அழாமலே அழவைத்துவிட்டாள் என்பது ஐவரின் ஒருமித்த தீர்ப்பு.

வசனங்களை ஒன்று விடாமல் ஒப்பிக்கிறார்களே என்று சந்தேகப்பட்டு விசாரித்தேன். நேற்றும் வந்திருக்கிறார்கள். ஒரே படத்தை அடுத்தடுத்த நாளில் எதற்கு இரண்டு தடவை என்று கேட்டேன். கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறதல்லவா, அந்தச் சந்துக்குள் உடம்பை ஒடுக்கி இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டால் மறுபடி பிறக்க வேண்டியதில்லை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பச்சையம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி புகுந்து வருகிறவர். சாவைப் பற்றிய படம் என்ற நினைப்பே இல்லாமல் இடுப்பில் கைவைத்துச் சொன்னார். "எங்க அஞ்சு பேருக்கும் அடுத்த பொறவி கெடையாதுபா. அதான் எதுவா இருந்தாலும் இப்பவே ரெண்டு தடவ பாத்துடறோம்."

பாப்கார்ன்

செங்கம் ரோட்டுப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டு அம்மா ஒருவர். பெயர் கேட்டால் சாந்தி என்பார். பாஸ்போர்ட்டில் வேறு என்னவோ இருக்கும். பதினைந்து வருஷமாக இங்கே இருப்பதால் தமிழ் நன்றாகவே வரும், கொஞ்சம் புத்தகத் தமிழ். காட்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் வாசற்படியில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பேட்டி என்று ஆரம்பிக்குமுன் அவரே மைக்கை வாங்கிக்கொண்டார். "மரணம் என்றால் என்ன என்று அறிய நான் பதினைந்து ஆண்டுகளாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டு, பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே அதை முடித்துவிட்டீர்கள்."

பார்க்காத படம்

தியேட்டருக்கு எதிர்ச்சாரியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் முருகேசன். படம் வந்த நாளிலிருந்து தினமும் கடையை விட்டு இறங்கி வந்து மைக்கைப் பிடித்து, "பழசு மாதிரி வராதுபா" என்று சொல்லிவிட்டுப் போவார். பழைய எமனின் மீசை என்ன, குரல் என்ன, கரையான் காட்சி என்ன! புதுப்படம் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்க்காமலே தெரியும் என்பார். ஆறாவது நாள் தியேட்டருக்குள்ளிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைத் தாங்கமுடியாமல் அவரும் டிக்கெட் எடுத்துவிட்டார். வெளியே வந்தபோது முகமே வேறாக இருந்தது. பழைய படத்தில் எமனைப் பார்த்துப் பயந்தோம், இதில் எமனே மனிதனைப் பார்த்துப் பாவப்படுகிறான், இப்படி எடுக்க ஒரு மனசு வேண்டும் என்றார். சொன்னதை மாற்றிச் சொல்ல அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

பேட்டி முடிந்தது. மைக்கைத் தொடையோரம் தொங்கவிட்டேன். அவர் கிளம்பாமல், "நீ பாத்துட்டியா ஏழுமலை?" என்று கேட்டார். ஆறு நாளாக வாசலில் நிற்கிறேன், உள்ளே போகவில்லை. ஏன் என்று கேட்டார். அதுவரை யாரிடமும் வராத வார்த்தை அந்தப் பாத்திரக்கடைக்காரரிடம் கொட்டிவிட்டது. "பயமா இருக்குதுண்ணே. எனக்கு நெஞ்சுல மூணு அடைப்பு. வியாழக்கிழமை ஆபரேஷன். நான் போவல. அறுத்தா பொழைக்கமாட்டேன்னு தோணுது. வூட்ல சொல்லவே இல்ல. நான் போய்ட்டா செல்வி இன்னா பண்ணுவான்னு நெனச்சா, அதுக்கு மேல நெனக்கவே முடியல."

முருகேசன் என் தோளில் கைவைத்தார், ஆறுதல் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். "பாக்காத படத்த நான் ஒரு வாரமா நல்லா இல்லன்னு சொன்னேன். பண்ணாத ஆபரேஷன நீ நல்லா இல்லன்ற. நம்ம ரெண்டு பேருக்கும் இன்னாபா வித்தியாசம்?"

தப்பிய கத்தரி

மைக்கை வாயருகிலிருந்து இறக்கிவிட்டால் அது அணைந்துவிட்டதாக நம்மையறியாமல் ஒரு நினைப்பு வந்துவிடும். மைக் பிடிக்கும் சகோதரர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். என் மைக்கின் சிவப்பு விளக்கு தொடையோரத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அன்வர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அன்று சாயங்காலம் அவன் என்னோடு அதிகம் பேசவில்லை, தலைவலி என்று போய்விட்டான்.

மறுநாள் காலை நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். செல்வி வந்து தன் போனைக் கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். முருகேசனின் பேட்டி ஓடியது. அது முடிந்த இடத்தில் நிற்காமல், தொடர்ந்து என் குரல் ஓடியது. மூன்று அடைப்பு, வியாழக்கிழமை, செல்வி இன்னா பண்ணுவா, எல்லாம். அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய், மழைக்கோட்டுக்குக் கீழிருந்து ஃபைலை எடுத்து வந்தாள். எங்கே வைப்பேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

வீடியோவுக்குக் கீழே கருத்துகள் வந்துகொண்டே இருந்தன. படத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை, எல்லாம் என்னைப் பற்றி. எனக்குத் தெரியாதவர்கள்கூட என்னைத் திட்டி, தைரியம் சொல்லி, எனக்காக மலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். படத்தில் அந்த மனிதர் செத்த பிறகு கேட்டதை நான் பாதிச் சோப்பு முகத்தோடு உயிருடன் நின்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் அழுதுவிட்டேன். அமரர் ஊர்திக்காரர்கூட எழுதியிருந்தார்: "சார், என் எருமைய சர்வீஸுக்கு வுட்டிருக்கேன். ஆஸ்பத்திரிக்கு நீங்களே பஸ் ஏறிப் போங்க."

அன்வரைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். ஆறு வருஷத்தில் ஒரு இருமலை விடாதவன் இவ்வளவு பெரிய துண்டை எப்படி விட்டாய் என்று கேட்டேன். அவன் பதில் இதுதான். "கவனிக்கலண்ணே. நீ திரும்பி வந்து எத்தினி வேணா திட்டிக்க."

கடைசிக் கருத்து

அன்று பகல் காட்சிக்குச் செல்வி என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஒரு வழியாகப் படத்தைப் பார்த்தேன். ஏழு நாளாக ஊரே சொன்னது பொய்யில்லை. எவ்வளவு நல்ல படம்! சர்வர் காட்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாவு வீட்டில் பெண்டாட்டி யாருமில்லாத சமையலறைக்குப் போய், அவன் பக்கத்தில் நிற்பது தெரியாமல் அவனிடமே குறை சொல்லும் காட்சி வந்தது. அங்கே நான் செல்வி பக்கம் திரும்பவே இல்லை. அவளும் திரும்பவில்லை. கையை மட்டும் விடவில்லை.

வெளியே வந்தால் வாசலில் அன்வர் நிற்கிறான், ஒரு கையில் கேமரா, ஒரு கையில் என் மைக். என்னைக் கண்டுகொள்ளாமல் நேராக அவளிடம் நீட்டி, "அண்ணி, படம் எப்படி?" என்று கேட்டான். பேட்டி என்றாலே உள்ளறைக்குப் போய்விடுகிறவள், மைக்கை வாங்கிச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு பேசினாள். "படம் ரொம்ப நல்லா இருக்குது. அந்தாளு செத்த பெறவுதான் பொண்டாட்டி பேச்சக் காது குடுத்துக் கேட்டான். இவுரு உசுரோட இருக்கறப்பவே கேப்பாரு. வியாழக்கிழம நாங்க வேலூர் போறோம்."

மேலே சர்வர் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது, என்னையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தையல் காயும்வரை மைக்கைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வேறு வேலையில்லாமல் படுத்துக்கொண்டே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.