தீவனம் இல்லாத கோடையில் அக்கா

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலருக்கு, அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அக்கா மகள் கேட்டாள். நல்லதை எழுதுகிறேன். அதோடு, சொந்தத்துக்குள் தவறாகப் பேசப்படும் ஒன்றையும் தம்பி என்ற முறையில் நேராக்க வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில். அப்பா இளம்வயதிலேயே தவறிவிட, அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டு அம்மாவோடு களையெடுக்கப் போனார். நான் படித்தது அந்தக் கூலியில்தான். பிறகு தாடிக்கொம்புக்கு அருகே மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார். மச்சான் குட்டியானை என்னும் சின்னச் சரக்கு வண்டி ஓட்டினார். அக்கா எருமைக் கடாக்கன்றுகளை வளர்க்கத் தொடங்கினார்.

பால் கறப்பவர்களுக்குக் கடாக்கன்று ஒரு பாரம். கவனிப்பில்லாமல் பல கன்றுகள் செத்துப்போகும். அப்படிப்பட்டவற்றை வாங்கிவந்து அக்கா தேற்றினார். அவை வளர்ந்து சதை பிடித்ததும் பேகம்பூரிலிருந்து ஒரு பாய் வந்து இறைச்சிக்குப் பிடித்துப்போவார். இந்தத் தொழிலைக் காரணம் காட்டி, சொந்தத்திலேயே சிலர் அக்கா வீட்டில் கை நனைத்ததில்லை. அது அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் எவரையும் பகைத்துக்கொள்ளவில்லை.

"வெட்டுக்குப் போற உசுருதானேன்னு பட்டினி போட முடியுமா? நம்மகிட்ட இருக்குற மட்டும் அதுக்கு வயிறு நெறையணும்ல" என்பார்.

அந்த வயிற்றை நிறைக்க முடியாத கோடை ஒன்று வந்தது. மழை பொய்த்துப் பக்கத்துக் காடுகளில் சோளத்தட்டைகூட இல்லை. வெளியூரிலிருந்து வரும் வைக்கோல் லாரியும் நின்றுபோனது. இருந்த வைக்கோல் போரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்த அக்கா, அன்றிலிருந்தே பங்கைக் குறைத்தார். தீர்ந்தபின் தவிப்பதைவிட, முன்பே கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குவது மேல் என்பது அவர் எண்ணம். ஏறக்குறைய வளர்ந்துவிட்ட கடாக்களை உடனே விற்றார். இளசுகளை மட்டும் நிறுத்திக்கொண்டு, நோஞ்சானாக இருந்தவற்றைத் தனியே கட்டினார். இல்லாவிட்டால் வலுத்தவை முட்டித் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் தின்றுவிடும்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கொட்டகை அமைதியாக இருந்தது. வழக்கமாக ஒன்றையொன்று முட்டி விளையாடும் கடாக்கள் படுத்தே கிடந்தன. விலா எலும்புகள் தெரிந்தன. நோய் வந்துவிட்டதோ என்று பயந்து கேட்டேன்.

"நோவு இல்ல தம்பி. தீனி கொறஞ்சா அதுகளே ஆட்டத்தக் கொறச்சுக்கிரும். மேல இருக்குற கொழுப்பு கரைஞ்சு உசுரத் தாங்கிக்கிட்டு இருக்கு. அதான் மேய விரட்டாம நெழல்லயே கட்டியிருக்கேன். தண்ணி மட்டும் கொறையவிட மாட்டேன்" என்றார்.

அவர் முகமும் அப்போது வற்றித்தான் இருந்தது. மச்சான் சவாரி முடிந்து வரும்போதெல்லாம் வாகைத் தழையும் சந்தையில் கழித்த முட்டைக்கோஸ் இலையும் ஏற்றி வருவார். அது ஒரு வேளைக்குக்கூடப் போதாது. பேகம்பூர் பாய் வந்து பார்த்துவிட்டு, "இப்பக் கொடுத்தா எலும்புதான்மா மிஞ்சும். மழை பேஞ்சா சதை வந்துரும். தாங்குவீகளா?" என்று கேட்டார். அக்கா தாங்குவதாகச் சொன்னார்.

தாங்கவும் செய்தார். மழையும் வந்தது. புல் தலைகாட்டத் தொடங்கிய சமயத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை அண்டா அண்டாவாகக் கொடுத்தார்கள் என்று மச்சான் வண்டியில் கொண்டுவந்தார். அத்தனை நாள் வாடிய பிராணிகள் சோற்று வாசத்துக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தொட்டியில் நிறையக் கொட்டினார்.

மாலைக்குள் கடாக்கள் அசைபோடுவதை நிறுத்திவிட்டன. வயிறு உப்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. கால்நடை மருத்துவர் அம்மா செய்தி கேட்டதும் ஓடிவந்தார்.

"வாடிக் கெடந்த வயித்துக்கு இம்புட்டுச் சோறு தாங்காதும்மா. உள்ள புளிச்சு விஷமாயிருச்சு. கொஞ்சங் கொஞ்சமாத்தான் பழக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மருந்து புகட்டினார், ஊசி போட்டார்.

இரண்டு கடாக்கள் பிழைக்கவில்லை. அவற்றில் ஒன்று, அக்கா புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது. குழி வெட்டும்போது அவர் அழவில்லை. மண்வெட்டியை மச்சான் கையிலிருந்து வாங்கி, தானும் வெட்டினார்.

மற்றவை பிழைத்தன. வைக்கோலையும் புல்லையும் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் கொடுத்தார். மூக்குக்கும் முதுகுக்கும் மினுமினுப்பு வந்தது. விட்டதைப் பிடிப்பதுபோல் மளமளவென்று சதை வைத்தன. பாய் மறுபடி வந்தபோது, "நான் பாத்த கடாவா இது?" என்று தடவித் தடவிப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை.

மச்சான் கொண்டுவந்த சோற்றால்தான் கடாக்கள் செத்தன, அந்த ஏக்கமே அக்காவை நோயில் தள்ளியது என்று சிலர் பேசுகிறீர்கள். இது உண்மையில்லை. அக்காவைக் கொண்டுபோனது நுரையீரலில் வந்த நோய். மருத்துவமனையில் மூச்சு வாங்க என்னிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பசியா இருந்தப்ப நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். பசி தீரப் போகுதுங்குறப்பத்தான் அவசரப்பட்டுட்டேன். கொட்டுனது நானு. ஒங்க மச்சான ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக்கூடாதுப்பா."

அக்காவின் நோய்க்காலத்தில் துணைநின்ற செவிலியர்களுக்கும், கொட்டகைக்கு அழைத்த நேரமெல்லாம் வந்த கால்நடை மருத்துவர் அம்மாவுக்கும், கோடையில் தண்ணீர் விட்ட பக்கத்துத் தோட்டத்தாருக்கும், அடக்கத்தன்று கல்லறைவரை தோள்கொடுத்த பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. தொலைவிலிருந்து வந்து ஜெபத்தில் கலந்துகொண்ட அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

திருப்பலி முடிந்ததும் வீட்டில் சாப்பாடு இருக்கிறது. மச்சான் கொட்டகைப் பக்கம்தான் இருப்பார். கூப்பிட்டாலும் பந்திக்கு வரமாட்டார். உங்களில் யாராவது போய், சற்று நேரம் அவரோடு உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட வையுங்கள்.