பின் சக்கரத்தில் முப்பத்தாறு

மனைவி இறந்து ஆறேழு மாதம் இருக்கும். தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், ஏனாத்தூர் போகும் வழியில் வேகத்தடையைப் பார்த்து ஆக்சிலேட்டரை விட்டேன், கியரைக் குறைத்தேன். பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டியின் பின்பக்கம் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. காலை ஊன்றி எப்படியோ நிமிர்த்திவிட்டேன். நெஞ்சு படபடத்திருக்க வேண்டாமா? ஒன்றுமில்லை. 'சரி, டயர் போச்சு' என்று மட்டும் தோன்றியது.

அப்போது எனக்கு எல்லாமே அப்படித்தான். சாவு வீட்டில்கூட நான் அழவில்லை. மச்சான்தான் எல்லோருக்கும் போன் போட்டான், போஸ்டர் அடித்து ஒட்டினான். அவள் போய்விட்டாள் என்று என் வாயால் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. யாராவது அந்தப் பக்கம் வந்தாலே பேச்சை மாற்றிவிடுவேன். "கல்லு மாரி குந்திக்கினு இருக்கான் பாரு" என்று ஒரு சித்தி சொன்னது காதில் விழுந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெரிய வண்டியை வாங்கியதே இருவரும் மலை மலையாகச் சுற்றத்தான். ஏலகிரி இறக்கத்தில் நான் பிரேக்கை நம்ப மாட்டேன். இரண்டாவது கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் இருப்பவள் சறுக்கிக்கொண்டு என் முதுகில் வந்து இடிப்பாள். "இன்னாங்க இது, சாமி பொறப்பாடா? நடந்தே போய்டலாம் போலிருக்குது!" என்பாள். "சும்மா குந்துமா" என்று அதட்டுவேன்.

வழுக்கிய அன்றே பிள்ளையார்பாளையத்து டயர் கடைக்குப் போனேன். வழியில் நெசவுக்காரர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் நாங்கள் இருவரும் போய் நிற்கும் கடை அது. மச்சான் ஒட்டிய போஸ்டர் கடைக்காரர் கண்ணில் படவில்லை போலும்.

அவர் குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் தடவினார். "இன்னா சார், நடுவுல மொட்டையாயிருக்குது, ஓரமெல்லாம் புதுசு மாரி இருக்குது. காத்து எவ்ளோ வெக்கிறீங்க?"

"முப்பத்தாறு."

"அது ரெண்டு பேர் போறதுக்கு சார். தனியா ஓட்டுனா முப்பத்திரண்டு போதும்னு நீங்கதான எனக்கே சொன்னீங்க? காத்து ஜாஸ்தியானா நடுவுல பொடச்சிக்கினு அது மட்டும் தேயும்."

தெரியாமலா வைத்தேன்? பெட்ரோல் பங்கில் 'பின்னாடி எவ்ளோ' என்று கேட்கும்போதெல்லாம் முப்பத்திரண்டு என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

புது டயரை மாட்டிவிட்டுக் காற்றுக் குழாயைக் கையில் எடுத்தார். "எவ்ளோ வெக்கட்டும்? அக்காவ இட்டுக்கினு போறதா இருந்தா சொல்லுங்க, முப்பத்தாறே வெச்சிடறேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "சொன்னத செய்யேன்யா!"

"நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே சார்" என்று சிரித்தார்.

உண்மைதான். நான் சொல்லியிருக்கவில்லை.

"முப்பத்திரண்டு வைப்பா. அவ இல்ல. செத்துட்டா."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. குழாயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "எப்போ சார்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "மார்..." என்றேன். அதற்கு மேல் மாதத்தின் பெயர்கூட வரவில்லை. கழற்றிப்போட்ட பழைய டயர் மேல் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்க்க, ஓவென்று கத்தி அழுதேன்.