ஆண்டவருக்கு விட்ட மூன்று மூடு

கொட்டாரத்து ரசலையன் சபைக் கமிட்டியில் இருப்பவர். தெய்வபயம் உள்ளவர். எந்த அளவுக்கு என்றால், தோட்டத்து வாழைக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது மூன்று மூடு வாழையை மட்டும் விட்டுவிடச் சொல்வார். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை வைக்கும் குலையை அதில்தான் வெட்டுவார். ஆண்டவருக்கு விஷம் கொடுக்கலாமா? மற்ற குலைகள் சந்தைக்குப் போகும். சந்தையில் ஆண்டவர் பழம் வாங்குவதில்லை.

மருந்து அடிப்பவன் சுடலையாண்டி. அடிப்பவர்களுக்கென்று வேளாண்மை முகாமில் ரசலையனிடம் கையுறையும் முகமூடியும் சும்மா கொடுத்திருந்தார்கள். சபை அசன விருந்தில் சோறு விளம்ப அவை உதவின. போதகர்கூட மெச்சினார்.

அன்று சுடலையாண்டி சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு, கலக்கி வைத்த மருந்தை முகர்ந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, நாத்தம் தலைக்குப் புடிக்கே. என்ன மருந்து இது?"

"வேப்பெண்ணெய்தாம்ல. பழசு, அதான் நாறுது."

"வேப்பெண்ணெய்னா அந்த மூணு மூட்டுக்கும் அடிச்சா என்ன? ஒங்க ஆண்டவருக்குக் கசக்குமோ?"

"வேலையப் பாருலே. வாய் நீளுது ஒனக்கு."

உண்மையைச் சொன்னால் கையுறை கேட்பான். அது சபைக் கோவில் அடுக்களையில் கறி வாசத்தோடு தொங்குகிறது. போய் எடுத்து வருவதற்குள் வெயில் ஏறிவிடும். காரணம் அவ்வளவுதான்.

வெயில் ஏறியபோது சுடலையாண்டி வாயில் நுரையோடு வரப்பில் கிடந்தான். ரசலையனே ஆட்டோ பிடித்து, அவன் தலையை மடியில் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சுடலையாண்டியின் மனைவி வள்ளியம்மை பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்ன மருந்து அடிச்சாரு?" என்றார் டாக்டரம்மா.

ரசலையன் வாயைத் திறப்பதற்குள் வள்ளியம்மை முந்திக்கொண்டாள். "வேப்பெண்ணெய்தாம்மா. கஞ்சி கொண்டுபோனப்ப இவரு சொன்னாரு, அண்ணாச்சி சொன்னாவளாம். அவ்வோ பொய் சொல்ல மாட்டாவ, கோயில்ல பெரிய ஆளு." சொல்லிவிட்டு, ஆதரவுக்கு ரசலையன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேப்பெண்ணெய் இப்படிப் பண்ணாது. கண்மணி சுருங்கிக் கிடக்கு. எதுன்னு சரியாச் சொன்னா முறிவு மருந்த உடனே போடலாம். ஆளு கையவிட்டுப் போயிட்டிருக்காரு."

ஜெபக்கூட்டத்தில் மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை ரசலையனுக்கு. இப்போது டாக்டரம்மா குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. பூச்சிமருந்தின் பெயரைச் சொன்னார். வேப்பெண்ணெய் என்று தான் சொன்னது பொய் என்பதையும் சொன்னார்.

டாக்டரம்மா உள்ளே ஓடினார். வள்ளியம்மை ரசலையன் கையை விட்டாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சுடலையாண்டி பிழைத்துக்கொண்டான். அறுப்பின் பண்டிகை அன்று காணிக்கை ஏலத்தில் ரசலையனின் குலை இல்லை. போதகர் விசாரித்தார். "வேற எடத்துக்குக் குடுக்கணும் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவினார்.

பழுத்த குலையைத் தோளில் சுமந்து வார்டுக்குள் வந்தவரைச் சுடலையாண்டி கட்டிலில் இருந்தபடி பார்த்தான்.

"அண்ணாச்சி, இது எந்த மூட்டுல வெட்டுனது?"

"அந்த மூணுல ஒண்ணு."

"அப்போ தின்னலாம்," என்றான் வள்ளியம்மையிடம்.

ஒரு பழத்தைப் பிய்த்து ரசலையனிடமும் நீட்டினான். வாங்கிக்கொண்டார். உரிக்கத்தான் கை வரவில்லை.