ஜாவி வீட்டின் ஐந்து படிகள்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்று, முகம்மது ரிபாய் கதை கட்டுகிற ஆள் இல்லை. ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர். பதினொரு வருடமாக ஒரே வேலை, ஒரே ரூம். டைல்ஸ் பெட்டியில் ஒரு மூலை உடைந்திருந்தாலும் நேரம் போட்டு எழுதி வைப்பார். இதையும் அப்படித்தான் எழுதி வைத்தார். நான் அவருடைய ரூம்மேட். அந்த நோட்டைப் படித்திருக்கிறேன். கடைசிப் பகுதியை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். போன ஜூன் கடைசியில் அவருடைய வாப்பா ஹபீப் முகம்மது அதிராம்பட்டினத்தில் மவுத்தானார். எமர்ஜென்ஸி லீவில் போனார், தோள் கொடுத்தார், ஐந்தாம் நாள் திரும்பி வந்து டியூட்டியில் ஏறிவிட்டார். அன்று மனைவி நஸீஹா போனில் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"பெத்த வாப்பாவுக்குக்கூட ஒரு சொட்டுத் தண்ணி வரலியே. ஒங்களுக்குள்ள ஆளு இருக்கா, இல்லியா?"

அவர் போனை வைத்துவிட்டு, "அவ கேக்குறது சரிதான்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். மகள் ஹிஃப்ஸா பிறந்தபோது கையில் வாங்கியும் ஒன்றும் தோன்றவில்லையாம். அதை என்னிடம் சொன்னபோதும் சோறு பிசைந்துகொண்டுதான் இருந்தார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் உம்மா ஜுலைஹா பீவியிடமிருந்து போன் வந்தது.

"வாப்பா ஹயாத்தோட இருக்குறவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாக. இனிமே எனக்கும் கபுருக்குப் போற வயசு. மவனே, ஒன்னைப் பெத்தது நான் இல்ல."

பெற்றவள் பெயர் சித்தி மரியம். மலாய்க்காரி. அவளுடைய பாட்டனார் கப்பலில் ஹஜ்ஜுக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. மக்காவில் சில காலம் இருந்துவிட்டு, ராஸ் அல் கைமாவில் கடல் ஓரமாக ஒரு வீடு கட்டிக் குடும்பத்தோடு தங்கிவிட்டார். மலாய்க்காரரை அரபிகள் ஜாவி என்பார்கள், அதனால் அது ஜாவி வீடு. துணிக்கடை வைக்க வந்த ஹபீப் முகம்மது அந்த வீட்டுப் பேத்தியை நிக்காஹ் செய்தார். ஊரில் அவருடைய முதல் மனைவி ஜுலைஹா பீவி பிள்ளையில்லாமல் இருந்தாள். ரிபாய்க்கு நான்கு வயதானபோது, ஒரு மாதத்தில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிப் போனார். திரும்பக் கொண்டுவிடவில்லை. ஊரிலிருந்தபடியே கடையை ஆள் வைத்து மூடினார். மரியத்துக்கு பாஸ்போர்ட் கிடையாது. அவர் எந்த ஊர் என்றுகூடச் சரியாகத் தெரியாது.

"இருக்காகளா, மவுத்தாயிட்டாகளா தெரியாது. இருந்தா ஒரு தடவ போயிப் பாரு. மவனேன்னு அவங்க வாயால கூப்புடட்டும். நான் செஞ்ச பாவம் கொஞ்சம் கொறையும்."

அன்று ரிபாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பெத்தவ கூப்புட்டா எனக்கு அழுகை வருமா?"

எங்கள் கேம்ப்புக்குத் தண்ணீர் டேங்கர் ஓட்டிவரும் கார்மேகத்துக்கு இந்த ஊரில் தெரியாத சந்து இல்லை. விசாரித்தவுடனே சொல்லிவிட்டான்.

"ஜாவி வீடா? வாரத்துக்கு ஒரு நடை நாந்தானே தண்ணி ஊத்துறேன். தனியா ஒரு அம்மா இருக்கு பாய். டேங்க்ல ஊத்த விடாது. மொதல்ல படிக்குக் கீழ இருக்குற ஜாடியில ஊத்தணும்னு சொல்லும்."

எங்கள் ரூமிலிருந்து இருபது நிமிடம். பதினொரு வருடமாக இருபது நிமிட தூரத்தில் இருந்திருக்கிறார்.

2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. மாலை 5:52. டேங்கர் சந்து முனையில் நின்றது. கார்மேகம் இறங்கவில்லை.

"பொழுது அடையுற மக்ரிப் பாங்குக்குள்ள வந்துருங்க பாய். அதுக்கப்புறம் அந்தம்மா யாரையும் வச்சுக்காது."

சுவர் கடல்கல்லில் அரபி வீடு போலத்தான் இருந்தது. ஆனால் தரை மட்டும் இடுப்பளவு உயரத்தில், மரத்தூண்களின் மேல் நின்றது. ஏறிப் போக ஐந்து மரப்படிகள். முதல் படிக்குப் பக்கத்தில் ஒரு மண்ஜாடி. அதன் மேல் நீளக் காம்பு போட்ட தேங்காய்ச் சிரட்டை.

படிகளில் ஈரக் கால்தடம் இருந்தது. சின்னப் பிள்ளையின் கால்.

அன்றைக்கு நாற்பத்து நான்கு டிகிரி. துணியைப் பிழிந்து போட்டால் பத்து நிமிடத்தில் காயும். ரிபாய் அங்கேயே நின்று பார்த்தார். 5:55. 6:00. தடம் காயவில்லை...

குனிந்து பார்த்தார். இடது காலில் ஆறு விரல்.

ரிபாய்க்கும் இடது காலில் ஆறு விரல். எப்போதும் ஷூ போட்டிருப்பார். கூடவே இருக்கும் எனக்கே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும்.

மூன்று தடவை ஸலாம் சொன்னார். பதில் இல்லை. படியேறினார். மூன்றாம் படியில் கால் வைத்ததும் கதவு திறந்தது.

"எறங்கு. காலக் கழுவு. கழுவாம ஏறக் கூடாது."

தமிழ். கொஞ்சம் உடைந்த, வாப்பா பேசுவது போன்ற தமிழ். எழுபது வயது இருக்கும். பூப்போட்ட கைலி, தலையில் வெள்ளைத் துணி. ரிபாய் இறங்கி, ஷூவைக் கழற்றி, சிரட்டையால் தண்ணீர் மொண்டு ஊற்றினார். தண்ணீர் ஐஸ் போல இருந்தது. அந்த அம்மா அவருடைய காலைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள்.

"மூக்கு எங்க வூட்டுக்காரர் மாதிரி. நீ அவுங்க சொந்தமா?"

"நான்தான் ரிபாய். ஒங்க மவன்."

இதைச் சொல்லத்தான் வந்தார். நாற்பத்தோரு வருடத்துக்குப் பிறகு ஒரு தாயிடம் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று ரூமில் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தார். கட்டிக்கொள்வாள், அல்லது அடிப்பாள். ஆனால் சித்தி மரியம் சிரித்தாள்.

"ரிபாய் உள்ள இருக்கான். வெளையாடுறான்."

மனம் கலங்கிவிட்டது பாவம் என்று ரிபாய் நினைத்தார். அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாப்பா கூட்டிப் போனதை மெதுவாகச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"ஆமா, கூட்டிப் போனாங்க. நாலு மாசம். நான் சோறு திங்கல. அப்புறம் மீலாது அன்னைக்கு மக்ரிப் நேரம் வந்துட்டான். அவனாவே வந்தான். கால் கழுவிட்டு ஏறி வந்தான்."

"யாரு கொண்டாந்து விட்டா?"

"யாரும் இல்ல. அவன் நஞ்சுக்கொடி இந்தப் படிக்குக் கீழதான் இருக்கு. எங்க ஆளுங்க அப்படித்தான் புதைப்பாங்க. கொடி இருக்குற வூட்டுக்குப் பிள்ள வழி தப்பாது."

கதவோரம் செருப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. இருபது, முப்பது ஜோடி. ஒவ்வொன்றும் அடி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. மேலே இருந்த ஜோடி மட்டும் புதுசு.

"ஓடி ஓடித் தேய்ச்சுடுறான்," என்றாள். குரலில் அவ்வளவு செல்லம்.

உள்ளே பாயில் இரண்டு தட்டு வைத்திருந்தது. ஒன்று சின்னது.

6:46. பாங்கு.

அவள் எழுந்தாள். வாசலுக்கு வந்தாள். வெளியே ஆளில்லாத சந்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ரிபாய்! மக்ரிப் ஆச்சு. உள்ள வா."

வாழ்க்கையில் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று வந்த குரல். கேட்டுவிட்டார். அது அவருக்கானது இல்லை.

கீழே ஜாடியில் சத்தம்.

மொளக்...

சிரட்டை தானாக எழுந்தது. தண்ணீர் கொட்டியது.

சளப்...

பிறகு படி.

தப்.

தப்.

தப்.

தப்.

தப்.

ஐந்து.

ஏதோ ஒன்று அவரை உரசிக்கொண்டு உள்ளே ஓடியது. கணுக்கால் நனைந்தது.

அவள் குனிந்தாள். தலைத்துணியின் முனையால் வெறும் காற்றைத் துடைத்தாள். முதலில் வலது கால். பிறகு இடது கால். விரலிடுக்கெல்லாம், ஒவ்வொன்றாக.

ஆறு விரல்.

ரிபாயின் வாயிலிருந்து அவரையறியாமல் ஒரு வார்த்தை வந்தது. மலாய் மொழியில் அதற்கு அம்மா என்று அர்த்தம் என்பது அப்போது அவருக்கே தெரியாது.

"மக்."

அதே நேரம்... உள்ளே இருந்து ஒரு பிள்ளைக் குரலும் சொன்னது.

"மக்."

இரண்டும் சேர்ந்தே வந்தன. ஒரே வார்த்தை, ஒரே இழுப்பு.

அவள் உள்ளே திரும்பித்தான், "என்ன கண்ணு?" என்றாள்.

பிறகு ரிபாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம். அதைத்தான் தாங்க முடியவில்லை என்று நோட்டில் எழுதியிருக்கிறார்.

"நீ யார் பெத்த பிள்ளையோ. ஒங்க உம்மா தேடுவாங்க. வூட்டுக்குப் போ தம்பி."

கதவு சாத்தப்பட்டது. 6:49.

டேங்கரில் ஏறிய பிறகும் அவருக்கு அழுகை வரவில்லை. கார்மேகத்திடம் செருப்பைப் பற்றிக் கேட்டார். "பெருநாளுக்குப் பெருநாள் நாந்தான் வாங்கியாந்து குடுக்குறேன் பாய். எப்பவும் அதே சைஸு," என்றான். பிறகு வண்டியை எடுத்தான்.

இத்தோடு விட்டிருந்தால் அவர் புத்திசாலி. ஆனால் அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் போனார். காலைக் கழுவிவிட்டு மேல்படியில் உட்காருவார். அவள் கட்டன் சாயா கொடுப்பாள், தம்பி என்று கூப்பிடுவாள், தன் மகன் பண்ணும் சேட்டையைச் சொல்லிச் சிரிப்பாள். இவர் கேட்டுக்கொண்டிருப்பார். பாங்குக்கு முன்னால் இறங்கிவிடுவார். இதற்கு எதற்குப் போகிறீர்கள் என்று நான் சண்டை பிடித்தேன்.

"அவ சொல்றதெல்லாம் என்னைப் பத்தித்தானே. எனக்கு ஞாபகமில்லாத நாளெல்லாம் அவகிட்டதான் இருக்கு," என்றார்.

செப்டம்பர் 5, வியாழக்கிழமை மாலை சித்தி மரியம் மவுத்தானாள். மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ரிபாய் உடலைச் சுமந்த சந்தூக்கின் முன்கால் பிடித்தார். கபரடியில் இமாம், பெண்ணுக்கு மகன் உண்டா என்று கேட்டார். ரிபாய் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு அரபிக் கிழவர் முந்திக்கொண்டார்.

"உண்டு. சின்னப் பையன். சாயங்காலம் அவன் ஓடுகிற சத்தம் கேட்கும். இனி அவனை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்."

கூட்டத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ரிபாய் பிடிமண் போட்டுவிட்டு ரூமுக்கு வந்தார்.

இனி நான் பார்த்தது.

மாலை 6:24. மக்ரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. ரிபாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் தொழப் போகத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

பாத்ரூம் குழாய் திறக்கும் சத்தம்.

உள்ளே யாருமில்லை.

தப்.

தப்.

டைல்ஸ் தரையில் ஈரத்தடம் விழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக. பாத்ரூமிலிருந்து கட்டில்வரை... நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

கட்டிலுக்கு முன்னால் நின்றது.

திரும்பிப் போன தடம் இல்லை.

ரிபாயின் தோள் ஒரு தடவை குலுங்கியது. பிறகு அழுதார். நாற்பத்தைந்து வயது மனிதர், வாயைக் கோணிக்கொண்டு, மூச்சு விக்கி விக்கி, "மக்... மக்..." என்று அழுதார். அந்தக் குரல் அவருடைய குரல் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய போனிலிருந்து ஊருக்கு அடித்தேன். ஜுலைஹா பீவி எடுத்தாள்.  போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கம் நீட்டினேன்.



"இந்த அழுக எனக்குத் தெரியும்," என்றாள். "வந்த புதுசுல நாலு மாசம் இப்படித்தான் அழுதே. நெஞ்சு வெடிச்சுரும் போல. மீலாது அன்னைக்கு மவ்லிது ஓதி, நேர்ச்சைச் சோறு வெளம்பிக்கிட்டு இருந்தோம். இஷாவுக்குப் பாங்கு சொன்னாக. படக்குன்னு அழுகைய நிறுத்திட்டே. என்னைப் பாத்துச் சொன்னே... 'நான் மக்கிட்ட போயிட்டேன். இத நீங்க வச்சுக்குங்க'ன்னு. ஒன் நெஞ்சத் தொட்டுக் காட்டிச் சொன்னே."

அங்கே இரவுத் தொழுகையான இஷா அப்போது ஏழு மணி. இங்கே ஐந்தரை. அந்த வருடம் மீலாது வந்த டிசம்பர் மாதத்தில் அதுதான் இங்கே மக்ரிப். ரிபாயின் நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது இந்த இரண்டு நேரங்கள்தான்.

"அதுக்கப்புறம் நீ அழவே இல்ல மவனே," என்றாள் ஜுலைஹா பீவி. "பிள்ள ஒரு வழியா என்கிட்ட ஒட்டிக்கிச்சுன்னு, ஊருக்கெல்லாம் சீனி வாங்கிக் குடுத்தேன்."