கப்புக்குள் துப்புகிற பெடியன்

லண்டனில் வால்தம்ஸ்டோ சந்தைத் தெருவில், பஸ் தரிப்பிடத்து வாங்கில் குந்தியிருந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறவர்களைக் கண்டால் நான் நின்றுவிடுவேன். விதையைப் பல்லிடுக்கில் வைத்து ஒரு கடி, நாக்கால் ஒரு புரட்டு, பிறகு கோதைத் துப்பவேண்டும். எங்கே துப்புகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அநேகம்பேர் நிலத்தில் துப்புவார்கள். எப்போதாவது ஒருவர் உள்ளங்கையைக் குவித்து அதற்குள் துப்பி, எழும்பிப்போய்க் குப்பைத்தொட்டியில் போடுவார். அப்படி ஒருவரைக் கண்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு ஒருமாதிரி இருக்கும். பஸ் வந்து போய்விடும். அடுத்ததுக்கு நிற்பேன். ரொறன்ரோவில் ஒரு மனிதர் குனிந்து சீமெந்துத் தரையைச் சுரண்டுகிற சத்தம் காதுக்குள் வரும். நான் ஒருநாளும் நேரில் கேட்டிராத சத்தம் அது.

அந்த மனிதர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. மன்னாரிலிருந்து எல்லாரும் திசைக்கொருவராகக் கிளம்பியபோது எனக்கு ஒரு வயது. நாங்கள் லண்டனில் மோர்டனுக்கு வந்து விழுந்தோம். அவர் ரொறன்ரோவில் போய் விழுந்தார். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரையில் நடப்பாராம். அந்தத் தோள் எனக்கு நினைவில்லை. நினைவில்லாததற்காக ஏங்க ஏலுமா என்று கேட்டால், ஏலும், அதற்குத்தான் அளவில்லாமல் ஏங்க ஏலும்.

எனக்கு மாமா என்றால் ஒரு குரல். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சட்டை மாற்றுமுன் தொலைபேசி அடிக்கும்.

"மருமகள், இண்டைக்குச் சுவாமி என்ன பிரசங்கம் வைச்சவர்?"

"நான் நித்திரை கொண்டிட்டன் மாமா."

"நல்ல பிள்ளை. எங்கட பரம்பரை."

அவருக்கு வேலை ஒரு பெரிய பேஸ்போல் மைதானத்தில். ஆட்டம் முடிந்து சனம் கலைந்த பிறகு கூட்டித் துடைக்கிற வேலை. பேஸ்போல் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கிரிக்கெட்டைச் சதுரமாக்கி வைத்திருக்கிறார்கள் என்று மாமா விளங்கப்படுத்தினார். பந்தை அடித்துப்போட்டு மூலை மூலையாக ஓட வேண்டும், நாலாவது மூலைக்குப் பெயர் வீடு, வீட்டுக்கு வந்து சேர்ந்தால்தான் ஒரு ஓட்டம். "கனபேர் வந்து சேரமாட்டாங்கள், மருமகள். மூண்டாம் மூலையில நிண்டபடியே ஆட்டம் முடிஞ்சிடும்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்குப் பத்து வயதான கோடையில், அவரிடமிருந்து தடித்த கடிதவுறை ஒன்று வந்தது. உள்ளே இறப்பர் வளையம் போட்ட நாற்பது அட்டைகள், பத்திரிகையிலிருந்து வெட்டிய எறும்பெழுத்துத் துண்டுகள், ஒரு கடிதம். ஆண்டுக்கொருமுறை எல்லா அணிகளிலிருந்தும் ஆகச் சிறந்தவர்களைப் பொறுக்கி ஒரு நட்சத்திர அணி கட்டுவார்களாம். பொறுக்குகிறது சனம். மைதானத்தில் அட்டைகளைச் சும்மா கொடுப்பார்கள். அட்டையில் ஒவ்வொரு இடத்துக்கும் ஆட்டக்காரரின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பட்டாணிப் பருமனில் ஒரு கட்டம். விருப்பமானவனின் கட்டத்தைக் குத்தி ஓட்டையாக்கி, பின்புறத்தில் அச்சடித்திருக்கிற விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். சனம் கதிரைக்குக் கீழே எறிந்துவிட்டுப் போன வெறும் அட்டைகளை மாமா பொறுக்கிச் சேர்த்திருந்தார். அவர் குத்த ஏலாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உரிமை இல்லையாம்.

"நீ படிக்கிற பிள்ளை, தகுதியான ஆக்களாப் பார்த்துக் குத்து," என்று எழுதியிருந்தார். "மற்ற இடமெல்லாம் உன்ர விருப்பம். ஷோர்ட்ஸ்டொப்புக்கு மட்டும் எங்கட பெடியனைக் குத்திவிடு."

ஷோர்ட்ஸ்டொப் என்பவன் இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவில் நிற்கிறவன். மேலே இருந்த அட்டையில் அந்தப் பெடியனின் பெயருக்குப் பக்கத்தில் மாமா பேனையால் சின்னதாக ஒரு கப் கீறியிருந்தார். காரணத்தையும் எழுதியிருந்தார். ஆட்டக்காரர்கள் ஆட்டம் முழுக்கச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே இருப்பார்கள். கோதெல்லாம் காலடியில். துப்பலும் கோதுமாய்க் காய்ந்து சீமெந்தோடு ஒட்டிக்கொள்ளும், மாமா முழங்காலில் நின்று சுரண்ட வேண்டும். அத்தனை பேரில் இவன் ஒருவன் மட்டும் பேப்பர்க் கப் ஒன்றைக் கையில் வைத்து அதற்குள் துப்புவான். போகும்போது தானே எடுத்துப்போய்க் குப்பையில் போடுவான். "அவன் இருந்த இடத்தில எனக்கு வேலை இல்லை," என்று முடித்திருந்தார்.

நான் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா மன்னாரில் கணக்கு வாத்தியார், மோர்டனில் பெற்றோல் செட்டில் ஷிப்ட். சீருடையைக் கழற்றாமலே மேசையில் குனிந்து அந்தப் பத்திரிகைத் துண்டுகளைப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. துண்டு முழுவதும் தசமங்கள். ஒவ்வொருவனும் எத்தனை தரம் அடித்தான், எத்தனை தரம் பிழைவிட்டான், எல்லாம் மூன்றாம் தசமம் வரைக்கும்.

"பென்சிலைக் கொண்டாங்கோ பிள்ளை."

இரண்டு சனிக்கிழமைகள் நாங்கள் கணக்குப் பார்த்தோம். அப்பா எனக்குச் சராசரி படிப்பித்தார். கப் பெடியன் இரண்டாம் தசமத்திலேயே தோற்றுப்போனான். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து அணியொன்றில் இருந்த இன்னொருவன் எல்லாக் கணக்கிலும் அவனுக்கு மேலே நின்றான்.

"அப்ப மாமா சொன்னது?"

"மச்சான் பாசத்தில எழுதியிருக்கிறார். அது வேறை." அப்பா பென்சிலை மேசையில் தட்டினார். "ஒருத்தன்ர தகுதியைப் பார்க்கிறதெண்டா அவன்ர கணக்கை மட்டும் பார்க்கோணும். ஆர், எவடம், ஆற்ற ஆள் எண்டு பார்க்கக்கூடாது. விளங்குதோ?"

அவர் குரல் ஏன் உயர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய சான்றிதழ்கள் ஓர் அலுவலகத்துக்குப் போய், போதாது என்ற ஒரு வரியோடு திரும்பி வந்த மாதம் அது. நான் பேஸ்போலைப் பற்றித்தான் கதைக்கிறோம் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் நாற்பது அட்டையிலும் மேற்குப் பக்கத்தானைக் குத்தினேன். பென்சில் முனையால், ஒவ்வொன்றாக. மாமா கப் கீறிய அட்டையில் மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. அட்டையின் அடியில் இருந்த விதியையும் வீட்டில் நான் ஒருத்திதான் வாசித்திருந்தேன். ஓரிடத்துக்கு இரண்டு பேரைக் குத்தினால் அந்த இடத்து வாக்கு செல்லாது. நீதியான விதி என்று எனக்குப் பட்டது.

எங்கள் வீட்டில் எந்தக் கடதாசியும் நேரே தபாலுக்குப் போகாது. யாரோ முன்பின் தெரியாதவர் இருந்து முடிவு சொல்லப்போகிற கடதாசி என்றால், அது விசா விண்ணப்பமோ பள்ளிக்கூடப் படிவமோ, முதலில் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஒரு செவ்வாய்க்கிழமை வரைக்கும் கிடக்கவேண்டும். செவ்வாய் அவருடைய நாள். அதுவரை உறையின் வாயை ஒட்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

"ஒட்டிப்போட்டா அந்தோனியார் எப்பிடியடி வாசிக்கிறது?"

"அவருக்கு இங்கிலிஸ் தெரியுமே அம்மா?"

"உன்னைவிட வடிவாத் தெரியும்."

அட்டைகளும் அப்படியே வாய் திறந்த உறையில், மெழுகுதிரிக்குப் பக்கத்தில் போயிருந்தன. மறுநாள் ஞாயிறு. தொலைபேசி அடித்தது.

"குத்தினியே மருமகள்? எங்கட பெடியனுக்கு?"

அம்மா பக்கத்தில் நின்று துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தார். குரலுக்குப் பின்னால் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. தனியாக இருக்கிற ஒருவரின் கேத்தில்.

"ஓம் மாமா."

"நாப்பதும்?"

"ஓம்."

"என்ர செல்லம்," என்றார்.  செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்குப் போகிற வழியில் உறையைத் தபாலில் போட்டார்.

கப் பெடியன் தெரிவாகவில்லை. மூன்றாவதாக வந்தான். மாமாவுக்குக் கவலையே இல்லை. லண்டனிலிருந்து நாற்பது விழுந்திராவிட்டால் நாலாவதாக வந்திருப்பான் என்பது அவருடைய கணக்கு.  அதோடு நின்றிருந்தால் மறந்திருப்பேன். ஆவணி முடிவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே ஒரு பேஸ்போல், வெள்ளைத் தோல், சிவப்புத் தையல், மேலே நீல மையில் ஒரு கையெழுத்து. மாமா ஒருநாள் துணிந்து அவனோடு கதைத்திருக்கிறார். தன்னிடமிருந்த ஆங்கிலத்தை எல்லாம் கூட்டி, "லண்டன், மை சிஸ்டர் டோட்டர், ஃபோர்ட்டி வோட்," என்றிருக்கிறார். அவன் முதலில் சிரித்தானாம். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, மாமாவின் பெயரைக் கேட்டானாம். அத்தனை வருடத்தில் அங்கே யாரும் கேட்டதில்லை. பையிலிருந்து பந்தை எடுத்துக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறான்.

அந்தப் பந்தை நான் தொடவில்லை. அம்மா அதை அந்தோனியாரின் காலடியில் வைத்தார். அவர் கையில் குழந்தை இயேசு, காலடியில் பேஸ்போல். செபம் சொல்லக் கண்ணை மூடினால் எனக்கு அந்தச் சிவப்புத் தையல்தான் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். வெள்ளைக்காரச் சுவாமி தலையும் வாலும் பிடிபடாமல் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். உறுத்தல் போகவில்லை. கடைசியில், மாமா வரும்போது நேரில் சொல்வதென்று முடிவெடுத்தேன். தொலைபேசியில் ஏலாது. அவர் முகம் எப்படி மாறும் என்று பார்த்துக்கொண்டு சொல்லவேண்டும்.

"அடுத்த வருசம் வாறன் மருமகள்," என்பார். அவருக்குப் பயணக் கடதாசி கிடைக்கவில்லை. கடதாசி கிடைத்தபோது முழங்கால் போய்விட்டது. நான் பெரிய பிள்ளையானேன், பல்கலைக்கழகம் போனேன், அப்பா ஷிப்ட்டிலிருந்து ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து பிறகு போகவே இல்லை, எனக்கு மகள் பிறந்தாள், நரைத்தேன். நானாவது போயிருக்கலாம். மூன்றுதரம் டிக்கட் பார்த்தேன். மூன்றுதரமும் ஏதோ. ஒவ்வொரு ஞாயிறும் அந்த "ஓம்" பொய்யென்பதை நேரில் சொல்வதற்கென்று பத்திரமாக வைத்திருந்தேன். போன மாரியில் மாமா போய்விட்டார். அவருடைய முகத்தை முதன்முதலாக அவ்வளவு நேரம் பார்த்தது அலைபேசித் திரையில், பூக்களுக்கு நடுவில்.

சென்ற மாதம் அம்மாவின் கட்டிலை மேல்மாடியிலிருந்து முன்னறைக்கு இறக்கினோம். படி ஏற ஏலாது இனி. அந்தோனியாரையும் பந்தையும் தூக்கிவந்து வைத்தபின், அம்மாவின் செபப்புத்தகத்தை எடுத்தேன். அதற்குள், நவநாள் செபம் இருந்த பக்கத்தில் ஓர் அட்டை இருந்தது. பேனையால் கீறிய கப் மங்கிப்போயிருந்தது.

யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஷோர்ட்ஸ்டொப் இடத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று என்னுடையது, பென்சில் கரி படிந்து, பிய்ந்தபடி. மற்றது கப்புக்குப் பக்கத்தில். தையல் ஊசியால் சுற்றிவரக் குத்தி எடுத்த, துப்புரவான சின்னக் கட்டம்.

"இது என்னம்மா?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தம்பி கப் கீறினது. அதை மட்டும் அனுப்ப மனம் வரேல்லை. மிச்சம் முப்பத்தொன்பதும் போனது."

"இந்த ஓட்டை?"

"நீ பள்ளிக்குடம் போன பிறகு நான் குத்தினது. எல்லாத்திலயும்." ஏதோ நேற்றுச் செய்த சம்பல் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "நீ அவனுக்குக் குத்தேல்லை எண்டு தெரியும். பொய் சொல்லேக்க வலக்கால் பெருவிரலால நிலத்தைக் கீறுவாய். சின்னனிலயிருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஏன் சொல்லுவான்? நீ கொப்பரோட ரெண்டு கிழமை இருந்து கணக்குப் பார்த்துக் குத்தினனி. அதை நான் அழிக்கேலுமே? தம்பியும் ஆசையாக் கேட்டவன். ரெண்டு பேற்ற விருப்பமும் போகட்டும் எண்டு விட்டன்." அட்டையை வாங்கி, கட்டைவிரலால் அந்தக் கப்பைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். "எண்ணியிருப்பாங்கள்தானே, என்ன? தம்பி சாகும்வரைக்கும் சொன்னவன், எங்கட நாப்பதாலதான் அவன் மூண்டாவதா வந்ததெண்டு."

இரண்டு பேரைக் குத்தினால் செல்லாது என்ற விதி அட்டையின் அடியில் இன்னும் இருந்தது, சின்ன எழுத்தில். அதை வீட்டில் இன்றைக்கும் நான் ஒருத்திதான் வாசித்திருக்கிறேன்.

"ஓம் அம்மா," என்றேன். "எண்ணியிருப்பாங்கள்."

 அம்மாவின் கண் மெல்ல இறங்கி என் வலக்காலில் போய் நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா தலை துவட்டிக்கொண்டு நின்றபோதும், அது அங்கேதான் போய் நின்றிருக்கும். பத்து வயதில் நான் தொலைபேசியை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.